தும்பைக்குளம் இன்றைக்கு எங்கே

தும்பைக்குளம் முதல் தடவை நகர்ந்தது புரட்டாசி மாதத்து ஒரு புதன்கிழமை விடிகாலையில். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு கண்மாய், ஒரு ரேஷன் கடை, எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், முத்தாலம்மன் கோயில், கோயிலுக்கு எதிரே பூசாரி சங்கிலியின் பஞ்சர் கடை, இவ்வளவும் மானாமதுரைக்குத் தெற்கே இருந்த இடத்திலிருந்து கிளம்பி, ஒரு குடத்துத் தண்ணீர்கூடத் தளும்பாமல், மேலூருக்குப் பக்கத்தில் ஒரு தரிசில் போய் உட்கார்ந்திருந்தன. நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏழரை மணி பஸ் வரவில்லை என்பதுதான் முதலில் தெரிந்தது.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டு மணி வரைக்கும் கண்டக்டரைத் திட்டினார்கள். எட்டேகாலுக்கு ஒருவர், கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்கிறதே, நம் ஊருக்கு ஏது நாலுவழிச் சாலை என்று கேட்டார். போய்ப் பார்த்தார்கள். சாலை இருந்தது. மைல்கல்லில் மேலூர் நான்கு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. சரி, மேலூர் பஸ்ஸிலேயே போவோம் என்று கையைக் காட்டி ஏறிப் போய்விட்டார்கள்.

காரணம் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சளில் நனைத்த நூலைச் சாமிக்கு ஒன்று, முளைப்பாரி எடுக்கிற பெண்களின் மணிக்கட்டில் ஆளுக்கொன்று என்று பூசாரி கட்டுவார். கட்டிவிட்டால், எட்டாம் நாள் முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்துக் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் அந்தப் பெண்கள் ஊர் எல்லைக்கு வெளியே தூங்கக்கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், தூக்கம் மட்டும் எல்லைக்குள். இதை மீறியவர்கள் தும்பைக்குளத்தில் யாருமே இல்லை, ஆகையால் மீறினால் என்ன ஆகும் என்பதும் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அழகுமீனா மீறினாள், தெரிந்துவிட்டது. தூங்குகிறவள் எல்லைக்குள் இல்லையென்றால், எல்லை தூங்குகிறவளிடம் போய்விடும்.

அழகுமீனாவுக்கு இருபத்துமூன்று வயது. அடுத்தவர் பாட்டை வாங்கிப் பாடுகிறவள் இல்லை, தானே கட்டித் தானே பாடுகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு மாதம் வேலை பார்த்தபோது, விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினாள்.

ஏழரை மணி வண்டியில
எடம் ஒண்ணு போட்டு வையி
எங்க போறேன்னு கேக்காத
எல்லை தாண்டிச் சொல்லுறேன்

கூட வேலை பார்த்த ஒருத்தி அதை போனில் பிடித்துப் போட்டாள். அது கையிலிருந்து கைக்குப் போய், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் போட்டுக் கேட்டு, கல்யாண மண்டபத்தில் ஒலித்து, கடைசியில் மதுரையில் கலைக்குழு வைத்திருக்கிற டேனியலின் காதில் விழுந்தது. டேனியலிடம் ஒரு வேனும் ஒரு உறுமியும் இரண்டு தவிலும் ஒரு கீபோர்டும் இருந்தன, பாட ஆள் இல்லை. அன்றிலிருந்து ஊர் ஊராகத் திருவிழா மேடை. கிராமியப் பாடகர்களை ஊர்ப்பெயர் சேர்த்து அச்சடிப்பதுதான் வழக்கம் என்பதால், சுவரொட்டிகளில் அவள் பெயர் ‘தும்பைக்குளம் அழகுமீனா’ என்று இருக்கும்.

அந்தப் புதன்கிழமை மேலூருக்குப் பக்கத்தில், இரவு கச்சேரி முடித்துப் படுத்த வேனின் பின்சீட்டில் கண்விழித்து அவள் கதவைத் திறந்தபோது, அம்மா சொர்ணம் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கம்மா இங்க?”

“நான் எங்கயும் போகலயே. நீதான் வீட்டு வாசல்ல வேனை நிப்பாட்டி அதுக்குள்ள படுத்திருக்க. வந்து பல்லை விளக்கு. அந்தத் தம்பியையும் எழுப்பு, இட்லி இருக்கு.”

டேனியல் எழுந்து வெளியே பார்த்தார், ஒரு பக்கம் கண்மாய், ஒரு பக்கம் நேற்று அவர் கட்டிய மேடை. உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார்.

மேலூருக்கு அப்புறம் துவரங்குறிச்சி, அப்புறம் மணப்பாறை, அப்புறம் திருச்சி. அவள் எங்கே பாடித் தூங்கினாளோ அங்கே விடியும்போது தும்பைக்குளம் இருந்தது. எட்டாம் நாள் முளைப்பாரியைக் கரைத்துவிட்டுப் பெண்கள் வரிசையாகக் கை நீட்ட, சங்கிலி ஒவ்வொரு காப்பாக அவிழ்த்துக்கொண்டே வந்தார். அழகுமீனாவின் மணிக்கட்டு வந்ததும் நூலை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

“இறுகிப்போச்சு தாயி. பொறகு பாக்கலாம்” என்றார்.

அவளும் பிறகு பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். எந்த ஊரில் பாடினாலும் காலையில் அம்மா கையால் காபி கிடைக்கிறது, அதை யார் வேண்டாம் என்பார்கள்?

இப்படியாக ஊர் நகர்வதற்கு ஊரார் பழகினார்கள். ஊருக்கும் மரியாதை தெரிந்திருந்தது. யார் பயிர்மேலும் அது உட்காரவில்லை, தரிசாகப் பார்த்துப் பாய் விரிக்கிற மாதிரி விரித்துக்கொண்டது, இடம் போதாவிட்டால் தெருக்களைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டது. மானாமதுரையிலிருந்து வந்து போகிற கணக்கு டீச்சர் விடிந்ததும் போன் போட்டு, “தும்பைக்குளம் இன்னைக்கு எங்க?” என்று கேட்டுவிட்டு, பக்கமாக இருந்தால் வந்தார், தூரமாக இருந்தால் போனிலேயே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையில் ‘தும்பைக்குளம், அன்று எங்கிருக்கிறதோ அங்கே’ என்று அச்சடித்தார்கள். வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் வழி கேட்டு அலைந்ததைப் பற்றிக் குறைபட்டார்களே தவிர, ஊர் இடம் மாறியதைப் பற்றி யாரும் குறைபடவில்லை. ஊருக்குள்ளிருந்த நாய்கள் மட்டும் தினமும் புது ஊரின் எல்லா நாய்களோடும் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

ஐப்பசி பிறந்து மழைக்காலம் தொடங்கியதும் பஞ்சாயத்துத் தலைவர் இராசாத்தி ஒரு காலை வேனின் பக்கத்தில் வந்து நின்றார். ஊரில் பாதி வேலை தானாக நடக்கும், மீதியைத் தான்தான் நடத்த வேண்டும் என்று நினைக்கிறவர் அவர்.

“டேனியலு, அடுத்த கச்சேரி எங்க?”

“திண்டுக்கல்லுல அக்கா.”

“அங்க மழையே இல்லியாம். கடலூர்ப் பக்கம் கொட்டுதாம். அங்கிட்டு ஒரு கோயிலு, ஒரு காதுகுத்து, எதாச்சும் பாத்துப் புடி. கண்மாயைப் பாத்தியா, காவாசிக்குக் கூட தண்ணி இல்ல.”

“அக்கா, பாட்டுக்குக் கூப்புடுற எடத்துக்குத்தான் போக முடியும்.”

“கூப்புட வையி. உனக்குத் தெரியாத ஆளா?”

அழகுமீனா எங்கே பாட வேண்டும் என்பதை அன்றிலிருந்து வானிலை அறிக்கை தீர்மானித்தது. இன்னொருவர் மாட்டுச்சந்தை கூடுகிற ஊராகப் பார்த்துப் பாடச் சொன்னார். ஒரு தாய், மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் இரண்டு நாள் தங்கினால் பேரனைப் பார்க்கலாம் என்றாள். அழகுமீனா எல்லோருக்கும் சரி என்றாள். விருத்தாசலத்தில் பாடினாள், நெய்வேலிக்குப் பக்கத்தில் பாடினாள், பண்ருட்டியில் பாடினாள், கண்மாய் மெல்ல மெல்ல நிறைந்தது.

புதுப் பாட்டு மட்டும் வரவில்லை.

சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி பேசியிருந்தது. டேனியல் அதை அவளிடம் சொன்னபோது உறுமிக்குத் தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“உன் பேர்ல தனியா ஒரு தொகுப்புப் போடுறாங்களாம். பழைய பாட்டு வேணாமாம். புதுசா மூணு கேக்குறாங்க. கார்த்திகை ஒண்ணாந்தேதி ஸ்டூடியோவுல இருக்கணும், ஒரு மாசம் அங்கயே தங்கணும். வரலன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு. மூணு இருக்கா?”

“ஒண்ணுகூட இல்லண்ணே.”

“அதுக்குள்ள வந்துராதா?”

வந்துவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் உட்கார்ந்தால், குளிக்க வந்தவள் “என்னத்தா எழுதுற, எங்க செவலைப்பசுவைப் பத்தி எழுதேன், பதினாலு லிட்டர் கறக்குது” என்பாள். கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால், அங்கே சீட்டாடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு அடி எடுத்துக் கொடுப்பார்கள். நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் புது ஊரின் புது மனிதர்களைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, நெஞ்சில் ஏதோ ஒன்று அசைகிற மாதிரி இருக்கும், அதோடு தூங்கி எழுந்தால் அதே கோழி, அதே விளக்குமாற்றுச் சத்தம், அதே “சாப்ட்டியா”. ரயிலேறிக் கோயம்புத்தூர் போய்ப் பார்த்தாள். அங்கேயும் வந்துவிட்டது. தூங்காமல் இருந்து பார்த்தாள். அவள் தூங்காத இரண்டு இரவும் ஊரும் தூங்கவில்லை, ஆடுகள் கத்தின, குழந்தைகள் சிணுங்கின, மூன்றாம் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்த பார்வையில் அவள் வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். பஸ்ஸில் தலைசாய்த்துப் பகலில் தூங்கினாள். ஊர் அசையவில்லை. பகல் தூக்கத்தை முத்தாலம்மன் தூக்கமாக எடுத்துக்கொள்வதில்லை போலும்.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மேடையில் நிற்கும்போது இறங்கத் தோன்றியது, இறங்கினால் நடக்கத் தோன்றியது, நடந்தால் எந்தப் பக்கம் நடந்தாலும் அது வீட்டுக்குப் போகிற பக்கமாகவே இருந்தது. மணிக்கட்டில் மஞ்சள் போய்க் கறுத்துவிட்ட நூலை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி இருபத்துநான்காம் தேதி தும்பைக்குளம் திண்டிவனத்துக்குக் கிழக்கே இருந்தது. நான்கு நாளாக விடாமல் பெய்து கண்மாய் கரைதொட்டு நின்றது. காலையில் குடை பிடித்துக்கொண்டு மூன்று பேர் வந்து, ஊர்ப் பெரியவர் யார் என்று கேட்டார்கள். இராசாத்தி முன்னால் வந்தார்.

“எங்க ஊர்ல ஒருத்தர் தவறிட்டாருங்க” என்றார் வந்தவர்களில் ஒருவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். “சுடுகாட்டுக்குப் போற பாதையில உங்க ஊரு உக்காந்துகினு இருக்குது. கொஞ்சம் ஒதுங்கினீங்கன்னா நல்லா இருக்கும்.”

ஒதுங்க வழியில்லை. அதற்கு அழகுமீனா வேறிடத்தில் ஒரு இரவு தூங்கி எழுந்தாக வேண்டும். ஆகவே பாடை தும்பைக்குளத்தின் நடுத்தெரு வழியாகவே போனது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இருபக்கமும் நின்றார்கள், பெண்கள் முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக முறையாக அழுதார்கள், பிள்ளைகள் வாசல்களை அடைத்துக்கொண்டு பார்த்தார்கள். பாடை போன பிறகு யாருக்கும் உடனே வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. தரிசு என்று நாம் நினைத்தது யாருக்கோ வழி என்று இராசாத்தி சொன்னார்.

அன்று மத்தியானம் கோயிலில் கூடினார்கள். அழகுமீனா எழுந்து நின்று, ஒரு வாரத்தில் சென்னை போக வேண்டும், ஒரு மாதம் தங்க வேண்டும் என்றாள். சென்னையில் தரிசு கிடையாது என்றார் ஒருவர். கடல் இருக்கிறதே என்றார் இன்னொருவர். கடல்மேல் உட்காருமா என்று யாரோ கேட்க, கூட்டம் கொஞ்ச நேரம் நிஜமாகவே அதை யோசித்தது.

“காப்பை அவுத்துருங்க” என்றாள் அழகுமீனா.

சங்கிலி தொண்டையைச் செருமினார். “அவுக்குறது ஒரு நிமிச வேலை. எங்க வச்சு அவுக்குறதுங்கறதுதான் பேச்சு. அவுத்த எடத்துல ஊரு நின்னுரும்.”

உடனே பேச்சு கிளம்பியது. காவிரிக்கரை என்றது ஒரு கூட்டம், நெய்வேலி வெளிச்சம் என்றது ஒரு கூட்டம், இங்கேயே இருப்போம், மழைக்குப் பஞ்சமில்லை என்றது இன்னொரு கூட்டம். காலையில் பாடைக்கு வழிவிட்டுப் பின்னால் நடந்துபோன ஒருவர் மட்டும், நம் சுடுகாட்டுப் பாதை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது பழைய இடத்தில் இருந்தது. ஊர் அதை எடுத்துக்கொண்டு வரவில்லை. பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

“அப்ப பழைய எடந்தான்” என்றார் இராசாத்தி. “நீ அங்க போயி ஒரு தூக்கம் போட்டு எந்திரி. ஊரு வந்து சேந்ததும் அவுத்துக்கிரலாம்.”

“அடுத்த வெள்ளிக்கு மேல பாக்கலாமே” என்றாள் சொர்ணம். இதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. “நாளு நல்லால்ல.”

“வெள்ளிக்குள்ள நான் மெட்ராஸ்ல இருக்கணும்மா.”

“ஒரு வாரத்துல என்ன கொறஞ்சு போகுது?”

சங்கிலி சொர்ணத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு எங்கும் பார்க்காமல் சொன்னார்: “எட்டாம் நாளே அவுத்திருப்பேன் தாயி. ஒரு முடிச்சுத்தான் போடுறது வழக்கம். உங்கம்மாதான் மூணு முடிச்சா இறுக்கிப் போடச் சொல்லுச்சு. அவுக்கும்போதும் விட்டு வைன்னுச்சு.”

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“திருப்பூருக்குப் போனப்ப பதினோரு மாசம்” என்றாள், மகளிடம் இல்லை, பொதுவாக. “தெனம் போன் போட்டுச் சாப்ட்டியான்னு கேப்பேன். சாப்ட்டேன்னு சொல்லுவா. சாப்ட்டாளா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இப்பத் தெரியுதுல்ல. என் கண்ணு முன்னால நாலு இட்லி திங்கிறா.”

“திருப்பூர்ல பல நாளு சாப்புடலம்மா” என்றாள் அழகுமீனா.

“எனக்குத் தெரியும்.”

“ஆனா பாட்டு வந்துச்சு. இங்க எனக்கு எல்லாம் இருக்கு. அதான் ஒண்ணும் வரல.”

சொர்ணம் எழுந்து, மழைக்கு நனைகிற விறகை எடுத்து உள்ளே போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் டேனியல் வேனை எடுத்தார். அவர்கள் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும் இல்லாத செம்மண் வெளியில் பக்கத்து ஊர் ஆடுகள் மேய்ந்தன. கண்மாய் இருந்த பள்ளத்தில் வெடிப்பு விட்டிருந்தது. ஓரமாக ஓடிய தார்ச்சாலையில் மேற்கேயிருந்து ஒரு பஸ் வந்து, யாருமே இல்லாத அந்த இடத்தில் நின்று, “தும்பைக்குளம் எறங்கு” என்று கண்டக்டர் குரல் கொடுத்து, ஒரு நிமிடம் பார்த்து, விசில் ஊதிவிட்டுப் போனது. இரண்டு மாதமாகத் தினமும் அப்படித்தான் நின்று போகிறது என்று ஆடு மேய்த்தவள் சொன்னாள். எப்போது திரும்பி வருவீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும், அதனால் நிற்கிறார்கள் என்றாள்.

அழகுமீனா வேனில் படுத்தாள். கண்விழித்தபோது விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தாள். கண்மாய் திண்டிவனத்து மழையோடு கரைதொட்டுக் கிடந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் கண்டிராத ஒரு மீன் துள்ளி விழுந்தது. மேய வந்த பக்கத்து ஊர் ஆடுகள் சந்துபொந்துகளில் சிக்கிக்கொண்டு கத்தின, அவற்றின் சொந்தக்காரி வந்து, வந்துட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனாள்.

மணி ஏழு. சங்கிலி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். முடிச்சு அசையவில்லை. பஞ்சர் கடையிலிருந்து ஊசி கொண்டுவந்து நெம்பினார், அப்போதும் அசையவில்லை. கத்தி வைக்கலாமா என்று இராசாத்தி கேட்டதற்கு, காப்பை வெட்டக்கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும் என்றார். மணி ஏழேகால்.

“தள்ளு” என்றாள் சொர்ணம்.

மகளின் கையை வாய்க்குக் கொண்டுபோய், முதல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. மூன்றாவதில் கொஞ்ச நேரம் அப்படியே வாயை வைத்துக்கொண்டு நின்றாள், கடிக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, அழகுமீனாவுக்குத் தெரிந்தது. அதுவும் அவிழ்ந்தது. சங்கிலி நூலை வாங்கிக் கண்மாயில் விட்டார். காலுக்குக் கீழே ஏதோ ஒன்று, வண்டிக்கு அணை கொடுத்த மாதிரி, லேசாக அழுந்தி நின்றதை எல்லோரும் உணர்ந்தார்கள்.

ஏழரை மணி பஸ் வந்தது. மூன்று ஊர்க்கூட்டம் அதற்குள்ளேயே நின்றுகொண்டு வந்தது. சொர்ணம் தோளில் கிடந்த துண்டை உருவி, ஓடிப்போய், ஜன்னல் வழியாக உள்ளே வீசி ஒரு சீட்டில் போட்டாள்.

“அது ஆளு வருது, உக்காராதீங்க” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, “ஏறுடி. எங்க போறன்னு நான் கேக்கல” என்றாள்.

சென்னையில் கோடம்பாக்கத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் அவளுக்கு இடம் பிடித்திருந்தார்கள். முதல் நாள் விடிந்ததும் அழகுமீனா பழக்கத்தில் எழுந்து, பழக்கத்தில் கதவைத் திறந்து, சாணி தெளிக்கிற ஆளைத் தேடினாள். எதிரே ஒரு சுவர் இருந்தது. சுவரில் தண்ணீர்க் குழாய் ஓடியது. கோழிச் சத்தம் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் மணிக்கட்டைத் தடவினாள், உருட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வயிறு காலியாக இருந்தது, நெஞ்சு அதைவிடக் காலியாக இருந்தது. படி இறங்கித் தெருமுனை வண்டிக்கடையில் டீ கேட்டாள்.

கடைக்கார அம்மா டீயை ஆற்றிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

“புச்சா வந்திருக்கியா? எந்த ஊரும்மா?”

“தும்பைக்குளம்.”

“அது எங்க இருக்குது?”

அழகுமீனா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்கு அவள் காலடியைத்தான் காட்டி வந்திருக்கிறாள். இப்போது கை தானாகத் தெற்கே நீண்டது, நீண்ட கை நீண்டபடியே நின்றது.

“தாம்பரம் தாண்டணும்” என்றாள். “தாம்பரம் தாண்டி, திண்டிவனம் தாண்டணும். சுடுகாட்டுப் பாதை ஒண்ணு இருக்கு, அதுக்கு வழி விட்டுத் தாண்டணும். காவேரி தாண்டணும். மேலூரு தாண்டணும். மானாமதுரையில எறங்குனா, தெக்கால ஒரு வண்டி போகும்…”

சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தாண்டலுக்கும் விரல் வண்டியின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டியது. அடுத்த தட்டு எங்கே விழ வேண்டும் என்று விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அவ்ளோ தூரமா?” என்றாள் அந்த அம்மா.

“ஆமாம்மா” என்றாள் அழகுமீனா. “அவ்வளவு தூரம்.” இன்னொரு தடவை, அதையே கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, எழுதுகிறதற்குப் பேனா இருக்குமா என்று கேட்டாள்.